முள் காட்டும் சூடு: பழைய கார்களின் வெப்பமானியில் பழுது தேடும் முறை

பழைய மோட்டார் கார்களின் டாஷ்போர்டில் என்ஜினின் சூட்டைக் காட்டும் முள், சூட்டை நேரடியாக உணர்வதில்லை. காரின் வகையைப் பொறுத்து, ஒரு செப்புக் குழாய்க்குள் அடைபட்ட ஆவியின் அழுத்தமோ, ஒரு கம்பிச் சுருளில் பாயும் மின்னோட்டமோதான் அதை நகர்த்துகிறது. அந்த அழுத்தமும் மின்னோட்டமும் என்ஜினின் சூட்டால் மட்டுமின்றி வேறு காரணங்களாலும் மாறக்கூடியவை என்பதால், முள் தவறான இடத்தில் நிற்கிறது என்றவுடன் கேஜை, அதாவது அந்த முள்ளைத் தாங்கிய அளவுமானியை, கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது பெரும்பாலும் வீண் செலவாகவே முடிகிறது.

ஆகவே, என்ஜின் உண்மையிலேயே அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்பதைக் கேஜின் துணையின்றி முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிரிட்டனின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் வழக்கமாகப் பொருத்தப்பட்ட தெர்மோஸ்டாட், அதாவது குளிர்நீரின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு, 82 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும். அந்த வால்வின் உறைமீது அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டி அளந்தால் உண்மை நிலை தெரிந்துவிடும். ஆனால் பளபளப்பான உலோகம் குறைவாகவே கதிர்வீசுவதால் கருவி உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும் என்பதை அறிந்து, அங்கே ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி அதன்மீது அளப்பது நல்லது. ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கி நிற்கும்போது தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 111 டிகிரிக்கு உயர்ந்துவிடுவதால், முள் 100 டிகிரியைத் தொட்டதுமே தண்ணீர் கொதித்துவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. அதைவிட அஞ்ச வேண்டியது, ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று சரிவதுதான். தண்ணீர் கசிந்து வற்றி, அதில் மூழ்கியிருந்து சூட்டை உணர வேண்டிய உணரி வெறும் காற்றில் நிற்கும்போது, என்ஜின் எரியும் சூட்டில் இருந்தாலும் கேஜ் குளிர்ச்சியையே காட்டும்.

என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகவில்லை என்றால், பழுதை என்ஜினுக்கும் முள்ளுக்கும் இடைப்பட்ட வழியில் தேட வேண்டும். தொடக்கத்தில் அந்த வழி மிகக் குறுகியது. அமெரிக்காவில் ஹாரிசன் பாய்ஸ் 1912இல் காப்புரிமை பெற்ற மோட்டோமீட்டர், ரேடியேட்டர் மூடியின்மேல் நின்று, உள்ளிருக்கும் ஆவியின் சூட்டை ஓட்டுநரின் கண்ணெதிரே காட்டிய எளிய கருவி. அதன் பிறகு கேஜ் டாஷ்போர்டுக்கு இடம் மாறியபோது, என்ஜினுக்கும் முள்ளுக்கும் இடையே ஒரு தூதுவன் தேவைப்பட்டான். பழுதுகளில் பெரும்பாலானவை அந்தத் தூதுவனிடமே ஏற்படுகின்றன.

தொடக்ககால எம்.ஜி.பி. கார்களில் அந்த வேலையைச் செய்தது தந்துகிக் குழாய் எனப்படும், மயிரிழை போன்ற நுண்துளை கொண்ட செப்புக் குழாய். அதன் ஒரு முனையில் உள்ள உலோகக் குமிழ் ஈதர் என்ற எளிதில் ஆவியாகும் திரவத்தைத் தாங்கி, என்ஜினின் தலைப்பகுதியில், அதாவது சிலிண்டர் ஹெட்டில், செருகப்பட்டிருக்கும். மறுமுனை, பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் போர்டன் 1849இல் காப்புரிமை பெற்ற வளைந்த தட்டைக் குழாயோடு இணைந்திருக்கும். சூடு ஏறினால் ஈதர் ஆவியின் அழுத்தம் கூடி, வளைந்த குழாய் சற்றே நிமிர்ந்து, முள்ளை நகர்த்தும். 34.6 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரின் ஆவியழுத்தம் 80 டிகிரியில் ஏறத்தாழ நான்கு வளிமண்டல அழுத்தத்தை எட்டி, 100 டிகிரியில் ஆறையும் தாண்டுகிறது. இப்படி மேலே போகப்போக வேகமாகக் கூடுவதால்தான் இவ்வகைக் கேஜ்களில் குளிர்ப்பக்கக் கோடுகள் நெருங்கியும் சூட்டுப்பக்கக் கோடுகள் விலகியும் இருக்கின்றன.

இவ்வகையில் முள் ஒரேயடியாகக் குளிர்ப்பக்கத்தில் படுத்துவிட்டால், குழாயில் எங்கோ கீறல் விழுந்து ஈதர் வெளியேறிவிட்டது என்றே கொள்ளலாம். துருவேறிய மரையைத் திருகும்போது குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு அறுந்துபோவதே இதற்கு வழக்கமான காரணம். ஆனாலும் கேஜின் கதை அதோடு முடிவதில்லை: விலை குறைந்த, அதே வகையைச் சேர்ந்த வேறொரு கேஜின் குமிழைப் பனிக்கட்டியும் உப்பும் கலந்த கலவையில் புதைத்து, ஈதர் முழுவதும் திரவமாகிக் குமிழுக்குள் இறங்கிய பிறகு, அதன் குழாயை வெட்டி, சற்றுப் பெரிய குழாய்த் துண்டு ஒன்றை உறையாக மாட்டி, பழைய கேஜின் குழாயோடு ஈயப்பற்று வைத்து இணைத்துவிடலாம். வேலை முடியும்வரை குமிழ் பனிக்கட்டியை விட்டு வெளியே வரக் கூடாது. ஈதர் ஆவி மிக எளிதில் தீப்பற்றும், காற்றைவிடக் கனமாக இருப்பதால் தரையோடு படியும். எனவே திறந்த வெளியில், சுடர் இல்லாத மின்சாரப் பற்றவைப்புக் கோலைக் கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

மின்சாரக் கேஜ்களில் சிக்கல் வேறு விதமானது. என்ஜினில் திருகப்பட்டிருக்கும் உணரிக்குள், சூடு ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர் என்ற வில்லை இருக்கிறது. டாஷ்போர்டில் உள்ள கேஜுக்குள், சூட்டில் வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த ஈருலோகப் பட்டையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. தடை குறையும்போது மின்னோட்டம் கூடி, சுருள் சூடேறி, பட்டை வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. சாவியைத் திருப்பியதும் முள் குதிக்காமல் மெல்ல ஏறுவது இதனால்தான்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம், சுருளில் பிறக்கும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. கார் நிற்கும்போது 12 வோல்ட்டும் ஓடும்போது 14 வோல்ட்டும் வந்தால் ஒரே சூட்டுக்கு இரண்டு அளவுகள் கிடைக்கும் என்பதால், பிரிட்டிஷ் கார்களில் 10 வோல்ட் நிலைநிறுத்தி ஒன்று இடையில் வைக்கப்பட்டது. அதற்குள்ளும் ஓர் ஈருலோகப் பட்டை இருந்து, மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டித்து, நிலையான 10 வோல்ட் தரும் அதே வெப்பம் கேஜுக்குக் கிடைக்குமாறு பார்த்துக்கொள்கிறது. கணக்குப்படி 12 வோல்ட்டில் ஏறத்தாழ 69 சதவீத நேரமும் 14 வோல்ட்டில் 51 சதவீத நேரமும் இணைப்பு மூடியிருந்தால் போதும். மின்னணு உறுப்பு ஒன்றுகூட இல்லாமல் இத்தனை நுட்பத்தைச் சாதித்திருப்பது வியந்து பாராட்டத் தக்கது. இந்தச் சிறு பெட்டியைக் காரின் உடலோடு சேர்க்கும் எர்த் இணைப்பு துருவால் அறுந்தால், துண்டிப்பு நின்று முழு 14 வோல்ட்டும் கேஜுக்குப் போய், சுருளின் வெப்பம் ஏறத்தாழ இரட்டிப்பாகி, வழக்கமான சூட்டில் உள்ள என்ஜினும் கொதிப்பதாகத் தோன்றும். பெட்ரோல் கேஜும் இதே நிலைநிறுத்தியிலிருந்துதான் மின்சாரம் பெறுகிறது என்பதால், இரண்டு முட்களும் சேர்ந்து உயர்ந்திருந்தால் பழுது நிலைநிறுத்தியில் என்றும், வெப்ப முள் மட்டும் பிழையாக நின்றால் அதன் கேஜ், வயர், உணரி மூன்றில் ஒன்றில் என்றும் மல்டிமீட்டரைத் தொடாமலே சொல்லிவிடலாம்.

அடுத்து, பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனமான லூகாஸின் வயர் நிறமுறைப்படி பச்சையில் நீலக் கோடிட்ட வயரை உணரியிலிருந்து கழற்றினால் முள் குளிர்ப்பக்கம் விழ வேண்டும். அதே வயரைச் சில நொடிகள் மட்டும் எர்த்தில் தொட்டால் சூட்டுப்பக்கம் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் கேஜும் வயரும் நலமாக உள்ளன, உணரியையே சந்தேகிக்க வேண்டும். அதிக நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் சுருள் கருகிவிடும். சராசரி 5 வோல்ட்டில் இயங்கும் 1960களின் ஃபோர்டு மஸ்டாங் கேஜுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும் என்பதால், இடையில் 10 ஓம் மின்தடையம் ஒன்றைச் சேர்த்துத் தொடுவதே பாதுகாப்பு. உணரியைக் கழற்றித் தண்ணீரில் தொங்கவிட்டு, தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே ஓம் அளவைக் கவனித்தால், அது இடையில் தாவாமல் படிப்படியாகக் குறைந்துகொண்டே வர வேண்டும். திரும்ப மாட்டும்போது மரையில் பிளாஸ்டிக் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால், மரை வழியாகவே எர்த் பெறும் உணரி அதை இழந்துவிடக்கூடும்.

பழுதான நிலைநிறுத்திக்கு மாற்றாக இப்போது மின்னணுச் சில்லு கொண்டவை கிடைக்கின்றன. பழைய ஈருலோக நிலைநிறுத்திக்கு மின்சாரம் எத்திசையில் பாய்ந்தாலும் ஒன்றுதான், சில்லுக்கு அப்படியல்ல. 1967வரை வந்த எம்.ஜி.பி. கார்களில் பேட்டரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்ததால், அவற்றுக்கென்று செய்யப்பட்ட நிலைநிறுத்தியைக் கேட்டு வாங்க வேண்டும். பிற்காலக் கார்களுக்கான சில்லை அங்கே மாட்டினால் அது பழுதாகிவிடும்.