எத்தனை புள்ளிகள் போதும்?

கணினி வாங்குவதென்றால் கொழும்பில் பலரும் நாடுவது நமது பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவைத்தான். அங்குள்ள மொனிட்டர்ப் பெட்டிகளில் புல் எச்.டி., 2கே, 4கே என்றெல்லாம் எழுதியிருக்கும். எங்கள் வீட்டிலும் இப்போது இதே பேச்சுத்தான். உயர்தரம் படிக்கும் எனக்குப் பாடங்களை வாசிக்கவும் தமிழில் தட்டச்சுச் செய்யவும் ஒரு திரை தேவை. தம்பிக்கோ கேம் விளையாட 4கே வேண்டுமாம். வாப்பா ஒதுக்கியிருப்பது ஒரு திரைக்கான பணம் மட்டுமே.

திரை என்பது நுண்ணிய ஒளிப்புள்ளிகளின் தொகுதி. அப்புள்ளியே பிக்சல். புல் எச்.டி. திரையில் அகலத்துக்கு 1920, உயரத்துக்கு 1080 என ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளிகள். கடைகளில் 2கே எனப்படும் 2560×1440 இல் 37 இலட்சம். 4கேயில் 83 இலட்சம். 1987 இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய வி.ஜீ.ஏ. திரையில் இருந்தவை 3 இலட்சம்தான். அன்று அதைத்தான் தெளிவான படம் என்றார்கள்!

எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குவது சரியல்ல. அதே 1920×1080 புள்ளிகள் 24 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 92 வீதம் அமையும். 27 அங்குலத்தில் 82 ஆகக் குறையும். திரை பெரிதாகும், எழுத்து சொரசொரப்பாகும். கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டடி தூரத்தில் 0.17 மில்லிமீற்றரிலும் சிறிய புள்ளிகளைச் சாதாரணக் கண்ணால் பிரித்தறிவது கடினம். 27 அங்குல 4கே திரையின் புள்ளி 0.16 மில்லிமீற்றர். 24 அங்குல புல் எச்.டி.யில் அது 0.28.

கேமில் கதை வேறு. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கிராபிக்ஸ் கார்ட் கணித்துத் தரவேண்டும். செக்கனுக்கு 60 படங்கள் என்றால் புல் எச்.டி.க்கு 12 கோடிப் புள்ளிகள். 4கேக்கு ஏறக்குறைய 50 கோடி. கார்ட் ஈடுகொடுக்காவிட்டால் படம் திக்கித் திணறும். கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டியாளர்களில் பலர் வேகத்துக்காக 1280×960 இலேயே ஆடுகிறார்கள். தம்பி கேட்கும் திரைக்குப் புதிய கார்டும் வேண்டும். அந்தச் செலவை அவன் வாப்பாவிடம் சொல்லவில்லை.

தமிழுக்குத்தான் தெளிவு அதிகம் தேவை என்பேன். ண, ன இரண்டின் சுழிகளும், நம் பெயர்களில் வரும் ஹ, ஷ, ஸ எழுத்துக்களும், மெய்யெழுத்தின் தலைப்புள்ளியும் சிறிய அளவில் ஒன்றோடொன்று கலந்துவிடும். கடைக்குப் போகும்போது தமிழ்ப் பக்கமொன்றைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். 10 ஆம் அளவு எழுத்தில் திறந்து, இரண்டடி தள்ளியிருந்து வாசித்துப் பாருங்கள். ‘ண்’ணின் புள்ளி தனியே தெரிகிறதா? அதற்குமுன், திரை தனக்குரிய முழுப் புள்ளி அளவில்தான் இயங்குகிறதா என்று கேளுங்கள். இல்லையேல் 4கேயும் மங்கலாகத்தான் தெரியும்.

எழுத்துக்கு மட்டுமென்றால் 27 அங்குல 2கேயைக் கேட்டிருப்பேன். எங்களுடையது தனிக் கார்ட் இல்லாத பழைய கணினி. கேமையும் சேர்த்துப் பார்த்து, 24 அங்குல புல் எச்.டி. போதுமென்று வாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். தம்பி இன்னும் உம்மாவிடம் வழக்காடிக்கொண்டிருக்கிறான்.