அண்ணாச்சி கடையில் "கோலா" இல்லை!
2 பெரிய கம்பெனிகளுடன் வியாபாரிகள் மோதிய கதை

"அண்ணாச்சி, ஒரு பெப்சி குடுங்க!"

"பெப்சி இல்ல தம்பி. போவண்டோ இருக்கு, தரட்டுமா?"

2017-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் பல மளிகைக் கடைகளிலும் பெட்டிக் கடைகளிலும் இந்தப் பேச்சுதான். கோக், பெப்சி விற்பதில்லை என்று வியாபாரிகள் எடுத்த முடிவு அன்று அமலுக்கு வந்தது.

ஒரு சரக்கை வாங்க மாட்டோம் என்று ஜனங்கள் சொல்வது உண்டு. விற்க மாட்டோம் என்று கடைக்காரர்களே சொன்னது அபூர்வம். லாபம் தரும் சரக்கை அவர்கள் ஒதுக்கியது ஏன்? விவரம் வருமாறு:-

மெரினாவில் எழுந்த கோஷம்

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினா கடற்கரையில் இளைஞர்கள் லட்சக்கணக்கில் திரண்டார்கள். அங்கே வெளிநாட்டு குளிர்பானங்களுக்கு எதிராகவும் கோஷம் கிளம்பியது. அடுத்த சில நாட்களில், ஏ.எம்.விக்கிரமராஜா தலைமையிலான வணிகர் சங்கங்களின் பேரமைப்பும், த.வெள்ளையன் தலைமையில் இருந்த பேரவையும் களத்தில் குதித்தன. "மார்ச் 1 முதல் விற்க மாட்டோம்" என்று அறிவித்தன.

லிட்டர் 4 காசு கூட இல்லை!

வறட்சியால் விவசாயிகள் வாடிய நேரம் அது. நெல்லை மாவட்டம் கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்கு தாமிரபரணி தண்ணீர் போவதை எதிர்த்து ஏற்கனவே வழக்கு நடந்தது. ஆயிரம் லிட்டர் ரூ.37.50-க்கு கொடுக்கப்படுகிறது என்பது புகார். கணக்குப் போட்டால் லிட்டர் 4 காசு கூட வரவில்லை. ஒரு பாட்டில் குடிதண்ணீரை ரூ.20 கொடுத்து வாங்கும் ஜனங்களுக்கு வயிறு எரியாதா?

2016 நவம்பரில் ஐகோர்ட்டு மதுரை கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் 2017 மார்ச் 2-ந் தேதி, அதாவது புறக்கணிப்பு தொடங்கிய மறுநாளே, மனுக்கள் தள்ளுபடி ஆயின. தடை நீங்கியது.

போவண்டோவுக்கு கிராக்கி

கோர்ட்டில் தோற்றாலும் கடைகளில் சூடு குறையவில்லை. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் போவண்டோவுக்கு திடீர் கிராக்கி ஏற்பட்டது. பன்னீர் சோடா, கலர் கேட்பவர்களும் பெருகினார்கள்.

கடைக்காரருக்கு சங்கடமும் இருந்தது. வாசலில் நிற்கும் குளிர்பெட்டி பல இடங்களில் கம்பெனி கொடுத்தது. அதில் அந்தக் கம்பெனி சரக்குதான் இருக்க வேண்டும். கோலா கேட்டு வந்தவர் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டால், கூடவே அரிசி, பருப்பு வியாபாரமும் போய்விடும். சங்கம் சொல்லலாம், நஷ்டம் கல்லாவில் அல்லவா விழும்?

இது அரசாங்கம் போட்ட தடை அல்ல. வியாபாரிகள் தாங்களாகவே போட்ட கட்டுப்பாடு. அதனால் நாளாக நாளாக தளர்ந்தது. இன்று அந்த பாட்டில்கள் மறுபடி கடைகளில் தொங்குகின்றன. உள்ளூர் பானமும் பக்கத்திலேயே நிற்கிறது.

ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. உள்ளூர் கலருக்கும் முதல் சரக்கு தண்ணீர்தான். எந்த ஆலை எவ்வளவு எடுக்கிறது, என்ன விலை கொடுக்கிறது என்ற கேள்வி எல்லோருக்கும் பொது.

கடைக்காரர் ஒரு தடவை கேட்டுவிட்டார். இனி கேட்க வேண்டியது, காசை நீட்டி பாட்டிலை வாங்குகிறவர்தான்!