விருதுப் படிவம் கேட்க வேண்டிய கேள்வி

பத்திரிகை விருதுகளுக்கான விண்ணப்பப் படிவம் பெரும்பாலும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவரை மனத்தில் வைத்தே தயாரிக்கப்படுகிறது. நிறுவனத்தின் பெயர், வகிக்கும் பதவி, ஆசிரியர் கையெழுத்திட்ட கடிதம் என்று வரிசையாகக் கேட்கும். எந்தச் சம்பளப் பட்டியலிலும் பெயர் இல்லாமல், கைக்காசு போட்டுச் செய்தி சேகரிப்பவர் அந்த இடங்களில் எதை எழுதுவார்? அவருடைய செய்தியை நடுவர்கள் படிப்பதற்கு முன்பே படிவம் அவரைக் கழித்துக் கட்டிவிடுகிறது. விண்ணப்பிப்பவர் எங்கே வேலை செய்கிறார் என்பதைவிட, எழுதியது உண்மை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதையே படிவம் முதலில் கேட்க வேண்டும். இது சலுகை அல்ல. விருதின் நம்பகத்தன்மைக்கே அதுதான் பாதுகாப்பு.

வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் நடத்திய படுகொலையை 1969-இல் உலகுக்குச் சொன்ன சீமோர் ஹெர்ஷ் அப்போது எந்தப் பத்திரிகையிலும் ஊழியர் அல்ல. புலனாய்வுச் செய்திகளுக்கு உதவும் சிறு நிதியம் ஒன்று முதலில் 250 டாலரும் பிறகு 2,000 டாலரும் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாமுக்குப் போய், குற்றம் சாட்டப்பட்ட லெப்டினன்ட் வில்லியம் கேலியைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசினார். லைஃப், லுக் ஆகிய பெரிய இதழ்கள் செய்தியை ஏற்கவில்லை. டிஸ்பாட்ச் நியூஸ் சர்வீஸ் என்ற சின்னஞ்சிறு செய்தி முகமை, தலைக்கு 100 டாலர் என்று பத்திரிகைகளுக்கு விற்றது. முப்பதுக்கும் மேற்பட்ட நாளிதழ்கள் வெளியிட்டன. 1970-இல் ஹெர்ஷுக்குப் புலிட்சர் விருது கிடைத்தது. ஆனால் அந்த நாளிதழ்களும் மறுத்திருந்தால், சேர்த்த சாட்சியங்கள் அத்தனையும் அப்படியே இருந்தும், அவரால் அந்த விருதுக்கு விண்ணப்பித்திருக்கவே முடியாது. அச்சுப் பத்திரிகை இல்லாமல் இணையத்தில் மட்டும் இயங்கும் செய்தி நிறுவனங்களுக்கு, நாளிதழில் வெளியாகியிருக்க வேண்டும் என்ற விதி தளர்ந்தது 2008 டிசம்பரில்தான். அச்சில் வராத செய்திக்கு முதல் புலிட்சர் 2011-இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்துக்குக் கிடைத்தது. விதி மாறி மூன்றாவது ஆண்டிலேயே விருது வரும் அளவுக்குத் தரமான உழைப்பு வெளியே நின்றுகொண்டிருந்தது.

பின்னால் ஆசிரியர் குழு இல்லாதவரின் செய்திக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விருது வரலாற்றின் பெரிய மோசடிகள் பெரிய அலுவலகங்களிலிருந்தே வந்தன. ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதியதற்காக 1981-இல் வாஷிங்டன் போஸ்ட்டின் ஜேனட் குக் புலிட்சர் பெற்றார். அப்படி ஒரு சிறுவனே இல்லை. பல ஆசிரியர்களின் கைகளைக் கடந்து வந்த கட்டுரை அது. பொய் வெளிப்பட்டதுகூட, விருதையொட்டி வெளியான அவருடைய தன்விவரக் குறிப்பில் படிப்பைப் பற்றிய தகவல்கள் பொருந்தவில்லை என்று அவர் முன்பு வேலை பார்த்த பத்திரிகை கவனித்ததால்தான். ஜெர்மனியின் டெர் ஸ்பீகலில் கிளாஸ் ரெலோஷியஸ் ஆண்டுக்கணக்கில் ஆட்களையும் உரையாடல்களையும் கற்பனையாகப் படைத்து எழுதி விருதுகளைக் குவித்தார். 2018 டிசம்பரில் அவர் இன்னொரு விருதை வாங்கிய சில வாரங்களுக்குள் உண்மை வெளியே வந்தது. தகவல் சரிபார்ப்புக்கென்றே தனித் துறை வைத்திருக்கும் இதழ் அது. மோசடியைக் கண்டுபிடித்தவரோ அந்த இதழுக்கு ஒப்பந்த முறையில் எழுதிவந்த ஹுவான் மொரேனோ. அவர் அமெரிக்காவுக்குப் போய், ரெலோஷியஸ் பேட்டி கண்டதாக எழுதியவர்களை நேரில் சந்தித்துக் கேட்டார். முதலில் அலுவலகம் மொரேனோவைத்தான் சந்தேகித்தது. நிறுவனத்தின் பெயரை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் எதைக் கேட்கலாம்? புலிட்சர் விதிகளிலேயே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. செய்தியின் நேர்மையையோ துல்லியத்தையோ கேள்விக்குள்ளாக்கிய மறுப்புகள், வெளியிட்ட திருத்தங்கள் இவற்றை விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும். தனியாக இயங்குபவரும் இதைச் செய்யலாம். சில சமயம் அலுவலகத்தில் இருப்பவரைவிட நன்றாகவே செய்யலாம். எந்த ஆவணம் எந்த அலுவலகத்திலிருந்து எந்தத் தேதியில் கிடைத்தது, குற்றம் சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதம், அவருடைய பதில், எத்தனை பேர் தனித்தனியாக உறுதி செய்தார்கள் என்று இரண்டு பக்கக் குறிப்பு போதும். தகவல் தந்தவர்கள் காட்டிக்கொடுக்கப்படுவார்களே என்ற அச்சம் உண்மையானது. அவர்கள் எந்த வகையில் விஷயம் அறிந்தவர்கள் என்று சொன்னால் போதும். பெயரும் ஊரும் படிவத்தில் ஏறவே கூடாது. இந்தக் குறிப்பைக் கடைசி நாளன்று உட்கார்ந்து எழுத முடியாது. செய்தி சேகரிக்கத் தொடங்கும் நாளிலிருந்தே தேதி போட்டுக் கோப்பு வைத்திருப்பவரால்தான் முடியும்.

கட்டணம் இல்லாவிட்டால் விண்ணப்பங்கள் குவிந்துவிடும் என்பது இன்னொரு வாதம். புலிட்சருக்கு ஒரு விண்ணப்பத்துக்கு 75 டாலர். பெரிய நாளிதழுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மாத வருமானம் நிச்சயமில்லாதவருக்கு அது பெரிய தொகை. கட்டணம் வடிகட்டுவது தரத்தை அல்ல, பணப்பையை. தனிநபருக்கும் சிறு குழுக்களுக்கும் விலக்கு அளித்தாலே இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். 2024-இல் உள்ளூர்ச் செய்திக்கான புலிட்சரைச் சிகாகோவின் சிட்டி பியூரோ, இன்விசிபிள் இன்ஸ்டிட்யூட் என்ற இரண்டு சிறு அமைப்புகள் பகிர்ந்துகொண்டதை நினைத்தால், விலக்கு வீண்போகாது என்று நம்பலாம்.

மொழியும் இப்படித்தான் தடையாகிறது. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் கிராமத்துப் பெண்கள் புந்தேலி மொழியில் நடத்திய கபர் லஹரியா என்ற இதழ் 2004-இல் சமேலி தேவி ஜெயின் விருதைப் பெற்றது. மொழிபெயர்ப்புச் செலவை விண்ணப்பிப்பவர் தலையில் கட்டும் விருதுகளை இத்தகைய இதழ்கள் எட்டிப்பிடிப்பது கடினம். அந்தச் செலவை விருதுக் குழு ஏற்க வேண்டும். பிறர் பரிந்துரைக்கவும் வழி இருக்க வேண்டும், ஏனென்றால் சிலரால் விண்ணப்பிக்கவே இயலாது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையாளர் ஜெ. எஸ். திசைநாயகம் தாம் எழுதிய கட்டுரைகளுக்காக 2009-இல் இருபது ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அதே ஆண்டு, முதலாவது பீட்டர் மாக்லர் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் சிறையில் இருந்தார்.