சிகரம் எங்கேயும் ஓடிப் போகாது!

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் லீவுதான்! 'எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா' என்று இப்போதே நச்சரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். இந்த முறை சினிமா, கடைத்தெரு வேண்டாம். கூட்டமும் இரைச்சலும் இல்லாத ஒரு மலை உச்சிக்குப் போய் வரலாமா? அப்பாவும் அம்மாவும் கூட வரட்டும். திட்டம் போடுவது மட்டும் உங்கள் வேலை!

எந்த மலை?

திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் ஏலகிரிக்குப் போவோம். ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தில் இருந்து பக்கம்தான். மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குக் கம்பர், கபிலர், அவ்வையார், பாரி, ஓரி என்று புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கின்றனர். தமிழ்ப் பாடத்தை ஒரு முறை புரட்டியபடியே மேலே போய்விடலாம்!

படகு விடும் ஏரிப் பக்கம் லீவு நாளில் ஒரே கூட்டமாக இருக்கும். நாம் போகப் போவது அங்கே அல்ல. மங்கலம் கிராமத்தில் இருந்து சுவாமிமலை உச்சிக்கு ஒரு காட்டுப்பாதை போகிறது. ஏலகிரியிலேயே உயரமான இடம் அதுதான். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,300 மீட்டர்.

முதலில் அனுமதி!

காட்டுக்குள் நினைத்தபோது நுழைந்துவிடக் கூடாது. தமிழக வனத்துறை 2024ல் மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் உள்ள பாதைகளில் இந்த சுவாமிமலையும் ஒன்று. முன்பதிவு செய்தால் வழிகாட்டி உடன் வருவார். பாதை திறந்திருக்கிறதா, உங்கள் வயதுக்கு என்ன விதி என்பதை அப்பாவிடம் சொல்லி முன்பே விசாரியுங்கள். காட்டுத்தீ பயம் உள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுவர்.

'எதற்கு இவ்வளவு கெடுபிடி?' என்கிறீர்களா? 2018 மார்ச் மாதம், தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்து போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிக் கொண்டனர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மூடிய பாதை என்றால் மூடிய பாதைதான். வேறு வழியாகப் புகுந்து போகலாம் என்று யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது.

கணக்கைப் பின்னால் இருந்து போடு!

'எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?' என்றுதானே கேட்பீர்கள்? அதைவிட முக்கியமான கேள்வி, 'எத்தனை மணிக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும்?'

ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித், 1892ல் ஒரு சுலபமான கணக்குச் சொன்னார். 5 கிலோமீட்டர் நடக்க 1 மணி நேரம். 600 மீட்டர் உயரம் ஏறக் கூடுதலாக 1 மணி நேரம்.

சுவாமிமலைக்கு ஒரு வழி 3 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். நடக்க 36 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம். மொத்தம் 66 நிமிடம். ஆனால் அது பெரியவர்கள் நிற்காமல் நடக்கும் கணக்கு. மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, வண்ணத்துப்பூச்சி பார்த்து ஏறும் நமக்கு 2 மணி நேரம் வேண்டும்.

ஏற 2 மணி நேரம், உச்சியில் அரை மணி நேரம், இறங்க ஒன்றரை மணி நேரம். ஆக 4 மணி நேரம். எதிர்பாராத தாமதத்துக்கு 1 மணி நேரம் சேர்த்தால் 5. மதியம் 1 மணிக்குக் கீழே இருக்க வேண்டும் என்றால், காலை 8 மணிக்குப் புறப்பட வேண்டும்!

இப்போது ஒரு முக்கியமான நேரத்தை நோட்டில் பெரிதாக எழுதுங்கள்: 10:30. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி, 10:30க்குத் திரும்பியாக வேண்டும். இதற்கு 'திரும்பும் நேரம்' என்று பெயர்.

100 மீட்டரில் திரும்பிய வீரர்!

'உச்சி கண்ணுக்குத் தெரியுதே... இன்னும் கொஞ்சம்தானே!' என்று தோன்றும். அப்போது யோரன் க்ரோப்பை நினைத்துக் கொள்ளுங்கள். சுவீடனில் இருந்து சைக்கிள் மிதித்தே நேபாளம் போனவர் அவர். 1996 மே மாதத் தொடக்கத்தில் எவரெஸ்ட் உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே வரை ஏறிவிட்டார். நேரம் கடந்துவிட்டது. இதற்கு மேல் போனால் பத்திரமாக இறங்க முடியாது என்று திரும்பிவிட்டார்! 

அதே மே 10ம் தேதி, எவரெஸ்ட்டில் வேறு குழுக்கள் நேரம் கடந்தும் ஏறிக் கொண்டிருந்தபோது பனிப்புயல் தாக்கியது. 8 பேர் இறந்தனர். க்ரோப் மே 23ம் தேதி மீண்டும் ஏறினார், உச்சியைத் தொட்டார்.

பைக்குள் என்ன?

* ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர்.
* எலுமிச்சை சாதம், வாழைப்பழம், கடலை மிட்டாய்.
* தொப்பி, மழைக்கோட்டு, டார்ச் லைட்.
* விசில். வழி தவறினால் அங்கே இங்கே ஓடாமல், அதே இடத்தில் நின்று மும்மூன்று முறையாக ஊதுங்கள். உதவி வேண்டும் என்று அர்த்தம்.
* குப்பை போட ஒரு பை. பழத்தோலும் நம்மோடு கீழே வர வேண்டும்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அதனால் ஸ்வெட்டரும் இருக்கட்டும். புது ஷூ வேண்டாம், கடித்துவிடும்! ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூதான் நல்லது.

கவனம்!

பாறை இடுக்கில் பார்க்காமல் கை வைக்காதீர்கள், பாம்பு இருக்கலாம். மலைத்தேனீக் கூட்டைக் கண்டால் கல் எறிவது, கத்துவது கூடவே கூடாது. இடிச் சத்தம் கேட்டால் உடனே இறங்கத் தொடங்குங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். உங்கள் குழுவில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். தம்பியை விட்டுவிட்டு முன்னால் ஓடக் கூடாது.

உச்சியில்...

போய்ச் சேர்ந்ததும் 5 நிமிடம் யாரும் பேசாதீர்கள். பாட்டுப் பெட்டி, மொபைல் எல்லாம் பைக்குள்ளேயே இருக்கட்டும். கண்ணை மூடி, எத்தனை விதமான சத்தம் கேட்கிறது என்று விரலால் எண்ணுங்கள். காற்று, பறவை, எங்கோ கீழே ஓர் ஆட்டு மணி... யார் அதிகம் எண்ணுகிறாரோ அவருக்கு இன்னொரு கடலை மிட்டாய்!

ஒருவேளை பாதி வழியிலேயே மணி 10:30 ஆகிவிட்டால்? அழாதீர்கள் குட்டீஸ். அங்கேயே அமர்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள். வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, எங்கே நேரம் போனது என்று எழுதுங்கள். அடுத்த லீவுக்கும் சுவாமிமலை அதே இடத்தில்தான் இருக்கும்!