மூடியைத் திறந்து எவ்வளவு நேரம் ஆனது?



யாருடைய நினைவாக நாம் கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர், மலக்குழிச் சாவு நடந்த இடத்துக்குப் போனால் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “மூடியைத் திறந்து எவ்வளவு நேரம் ஆனது?” பிணவறை வாசலில், கதறுகிற உறவுகளுக்கு நடுவே அவர் இதைக் கேட்டபோது எங்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கிறது. முழக்கம் எழுப்ப வேண்டிய நேரத்தில் இது என்ன மேஸ்திரிக் கேள்வி என்று முணுமுணுத்தவர்களும் எங்களில் உண்டு. அதன் கனம் புரியச் சில ஆண்டுகள் ஆயின.

மறுநாள் செய்தித்தாளில் “விஷவாயு தாக்கி இருவர் பலி” என்று வரும். தாக்கியது வாயுவாம். இறக்கிவிட்டவருக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. சரி, வாயுவிலிருந்தே தொடங்குவோம்.

கழிவு காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் பத்து லட்சம் பங்கு காற்றில் அது ஏறக்குறைய 100 பங்கை எட்டும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போகும். “நாத்தம் கொறஞ்சிருச்சு, எறங்கலாம்” என்று ஒருவர் சொல்லும்போது வாயு உண்மையில் கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. 1000 பங்கில் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். இந்த வாயுவில் பெரும்பகுதி சேற்றுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கால் வைத்துக் கலக்கும்போதுதான் கிளம்புகிறது. ஆகவே மூடியை வெகுநேரம் திறந்து வைத்திருந்தாலும் அது பாதுகாப்பு ஆகாது. திறந்த உடனேயே இறக்கிவிட்டார்கள் என்றால், அந்தக் குறைந்தபட்ச யோசனைகூட யாருக்கும் வரவில்லை என்று பொருள். தோழர் கேட்டது அதைத்தான்.

ஊர்ப்பக்கம் மெழுகுவத்தியைக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பார்கள். சுடர் அணையாவிட்டால் ஆள் இறங்கலாமாம். சுடருக்கு வேண்டியது ஆக்சிஜன். ஆளைச் சாய்க்கும் அந்த 1000 பங்கு என்பது வெறும் 0.1 சதவீதம், அதனால் ஆக்சிஜன் குறைந்துவிடாது, சுடர் நன்றாகவே எரியும். உள்ளே மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தாலோ அதே சுடர் வெடிக்க வைக்கும். முகத்தில் கட்டும் துண்டும் கொரோனாக் காலத்து முகக்கவசமும் வாயுவைத் தடுக்காது.

ஒருவர் விழுந்ததும் அடுத்தவர் குதிக்கிறார். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கை, மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப் போனவர்களே என்கிறது. நம் ஊரில் இதற்கு இன்னொரு கனம் உண்டு. சாதி ஒரே தெருவிலிருந்து ஆளெடுக்கிறது. விழுந்தவர் அண்ணனாகவோ மச்சானாகவோ இருக்கும்போது மேலே நிற்பவர் எந்தக் கருவிக்குக் காத்திருப்பார்?

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பாடத்தில் ஆபத்தைக் கட்டுப்படுத்த ஒரு படிவரிசை சொல்லித் தருகிறார்கள். முதலில், அந்த வேலையே தேவைப்படாமல் செய்ய முடியுமா? முடியாவிட்டால் வேறு முறைக்கு மாற்று. ஆபத்தையும் ஆளையும் பிரித்து வை. பிறகு விதிமுறையும் பயிற்சியும். கையுறை, கவசமெல்லாம் கடைசிப் படி. மற்றவை எல்லாம் தோற்ற பிறகு உடம்புக்கு மிஞ்சும் பாதுகாப்பு அது. மலக்குழி என்று வந்தால் மட்டும் நம் அதிகாரிகளின் பேச்சு நேராகக் கடைசிப் படியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. “உபகரணம் கொடுத்தோம், அவங்க போட்டுக்கலை.”

2013ஆம் ஆண்டுச் சட்டத்தையே பாருங்கள். அதன் 7ஆவது பிரிவு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் அபாயகரமான துப்புரவுக்கு ஆளை அமர்த்துவதைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லதுதான். ஆனால் “அபாயகரமான துப்புரவு” என்பதற்கு அது தரும் விளக்கம் என்ன? பாதுகாப்புக் கவசமும் கருவிகளும் தராமல், முன்னெச்சரிக்கைகளை உறுதி செய்யாமல், மனிதரைக் கொண்டு செய்விப்பது. கவசம் கொடுத்துவிட்டால் ஆள் இறங்கலாம் என்ற வாசலைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கடைசிப் படிதான் இங்கே சட்டத்தின் இலக்கணமாகியிருக்கிறது என்பது எங்கள் கருத்து.

முதல் படி எட்டாத உயரத்தில் ஒன்றும் இல்லை. செப்டிக் டேங்கை 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுத்தால் சேறு இறுகாது. பத்து வருடம் விட்டால் அடியில் கட்டிதட்டும், லாரிக் குழாய் இழுக்காது, மண்வெட்டியோடு ஒருவர் இறங்க வேண்டியதாகிறது. லாரி நுழையாத சந்தில் தொட்டியைக் கட்டுகிறோம், அதன்மேல் தளம் போட்டு மூடிவிடுகிறோம். ஒருவரை உள்ளே இறக்கும் முடிவு அன்று காலையில் எடுக்கப்பட்டதல்ல. வீட்டுக்கு வரைபடம் போட்ட நாளிலேயே தொடங்கிவிட்டது.

நீங்கள் களத்துக்குப் போவீர்கள். இழப்பீடு கேட்பீர்கள். உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. அதைக் கேட்டே ஆக வேண்டும். அதற்கு முன் உங்கள் குறிப்பேட்டில் சில விவரங்களும் ஏற வேண்டும். தொட்டியின் ஆழம், வாயின் அகலம். கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள்? வாயுவை அளக்கும் கருவி இருந்ததா? உடம்பில் கயிறு கட்டியிருந்தார்களா, மேலே இழுக்கக் கப்பி இருந்ததா? இறங்கச் சொன்னது யார், செல்போனில் அழைத்தது யார்? அன்றே எழுதுங்கள். மூடியை மாற்றிவிடுவார்கள், தொட்டியைக் கழுவிவிடுவார்கள். “அவனா குதிச்சான்” என்ற சாட்சியும் இரண்டே நாளில் தயாராகிவிடும்.

தோழரின் குறிப்பேடுகள் எங்களிடம் இருக்கின்றன. ஒவ்வொரு சாவுக்கும் கடைசி வரியில் இரண்டு தொகைகள் எழுதியிருக்கிறார்: இறங்கியவருக்குப் பேசிய கூலி, அதே வேலைக்கு லாரிக்காரர் கேட்ட வாடகை.