விடை வேண்டா வினா

பொதுக்கூட்டங்களிற் பேசும் நம்மவர் பலர் வினாக்களை மாரிபோற் பொழிகின்றனர். "பொறுப்போமா? விடுவோமா?" என்று முழங்கியவுடன் ஜனங்கள் கரகோஷம் செய்கின்றனர். மறுநாள் அவ்வினாவும் இல்லை. அதனால் எழுந்த உணர்ச்சியும் இல்லை. இது வினாவின் குற்றமா, வினவியவரின் குற்றமா என்று ஆராய்தல் நமது கடமையாகும்.

விடையைத் தன்னுள்ளேயே அடக்கி வரும் வினா தமிழுக்குப் புதிதன்று. ஓகார இடைச்சொல்லுக்கு வினாப்பொருளோடு எதிர்மறைப் பொருளும் உண்டென்று தொல்காப்பியரும், நன்னூல் செய்த பவணந்தியாரும் விதித்திருக்கின்றனர். "நானோ பொய் சொல்வேன்?" என்பவன் கேள்வி கேட்கவில்லை, பொய் சொல்லேன் என்று சாதிக்கிறான். ஆனால் அம்முடிவைக் கூறும் பொறுப்பைக் கேட்போனிடம் ஒப்புவிக்கிறான். தானே கண்ட முடிவை மனிதன் எளிதில் மறுப்பதில்லை. இவ்வணியின் வன்மை அதிலேதான் இருக்கிறது.

இதற்கு ஓர் உத்தம திருஷ்டாந்தம் கூறுவோம். அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தில் அடிமையாய்ப் பிறந்து, 1838-ம் வருஷத்தில் தப்பியோடியவர் பிரடெரிக் டக்ளஸ். அவர் 1852-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி ராச்செஸ்டர் நகரில், அடிமைத்தனத்தை எதிர்த்த மாதர் சங்கத்தாரின் அழைப்புக்கிணங்கிச் சுதந்திர தின உபந்யாசம் செய்தார். அத்தேசத்தார் சுதந்திரப் பிரகடனம் செய்து அப்போது 76 வருஷங்கள் ஆகியிருந்தன. சபையினருட் பெரும்பாலோர் வெள்ளையர். அவர்களுடைய முன்னோரின் தீரத்தை முதலிற் புகழ்ந்த டக்ளஸ், பிறகு, இத்திருநாள் அடிமைக்கு என்ன பொருள் தரும் என்று வினவினார். அடிமையும் மனிதனே என்பதை வாதித்து நிலைநாட்ட வேண்டுமோ என்றும் கேட்டார்.

கேட்டதோடு அவர் நிற்கவில்லை. விர்ஜினியா மாகாணத்தில் கறுப்பர் செய்தால் மரணதண்டனைக்குரியவை 72 குற்றங்கள். அவற்றுள் வெள்ளையருக்கு அத்தண்டனை தருபவை 2 மட்டுமே என்று எடுத்துக் காட்டினார். அடிமைக்கு எழுத்துக் கற்பித்தலைத் தடுக்கும் தென் மாகாணச் சட்டங்களையும் சுட்டினார். ஆடுமாடுகளுக்கு இத்தகைய சட்டம் செய்வார் உளரோ? அடிமை மனிதனே என்பதற்கு எஜமானனின் சட்டப் புஸ்தகமே சாக்ஷியாயிற்று. ஒரு பிரசங்கத்தால் அடிமைத்தனம் ஒழிந்ததென்று நாம் சொல்லோம். 1865-ல் அது சட்டப்படி ஒழிவதற்குப் பெரும் யுத்தமும் எண்ணிறந்த பிராண நஷ்டமும் நேர்ந்தன. எனினும், அன்று கேட்ட வினாவுக்கு நேர்மையுள்ள எவரும் மாறான விடை கூற முடியவில்லை.

இதே ஆயுதம் கோழைக்கும் உதவும். "இன்னார் பொதுப் பணத்தைத் தொடவில்லையென்று யார் சொல்ல முடியும்?" என்கிறான் ஒருவன். குற்றத்தை நேரே சொன்னால் நிரூபிக்க வேண்டும். வினாவாகச் சொன்னால் தப்பிக்கொள்ளலாம். நிரபராதியின் பெயர் கெடுகிறது, கெடுத்தவனோ, "நான் கேட்கத்தானே செய்தேன்?" என்கிறான். தேசத் தொண்டர் வாயில் இது வரலாமோ?

மேடையேறும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே: சபையை வினவுமுன், "இதன் விடையை மெய்ப்பிக்க என் கையில் என்ன இருக்கிறது?" என்று தம்மையே வினவிக்கொள்க. அந்த ஒரு வினாவுக்கு மாத்திரம் விடை கட்டாயம் வேண்டும்.