மிதவைப் படகின் பக்கத் தகடுகள்

வட அமெரிக்காவிலுள்ள மினசோட்டா மாநிலம் ஏரிகள் மலிந்தது. ஆங்கு ரிச்மண்டு என்னும் ஊரைச் சார்ந்த ஆம்புரோஸ் வீரஸ் என்பார், 1952-ஆம் ஆண்டில் எஃகுப் பீப்பாய்களை இரு வரிசையாகப் பிணைத்து, மேலே மரத்தளம் அமைத்து ஏரியிற் செலுத்தினார். இக்காலத்து மிதவைப் படகு அதன் வழிவந்ததே. பீப்பாய்கட்கு ஈடாக நீண்ட அலுமினியக் குழல்கள் இன்று தளத்தைத் தாங்குகின்றன. தளத்தைச் சுற்றி அலுமினியச் சட்டங்களாலாகிய வேலியும், அதன் இடைவெளிகளை அடைக்கும் மெல்லிய தகடுகளும் உள. சிறு பிள்ளைகள் நீரில் வீழாவண்ணம் காப்பன இத்தகடுகள். ஆகலின் இவற்றை வெறும் அலங்காரமென்று எண்ணுதல் தவறு.

பழைய படகைப் புதுக்குவோர் உளுத்த தளத்தை மாற்ற வேலியைக் கழற்றுவர். அப்பொழுதே தகடுகள் நெளிந்தும் வெளிறியும் இருத்தல் புலனாகும். அதே அளவும் நிறமும் உடைய தகடு செய்தவரிடத்தும் கிடைத்தல் அரிது. வேறு பொருள் தேடவேண்டும்.

"விலை குறைந்த எஃகுத் தகட்டை இட்டால் என்ன?" என்று நண்பர் ஒருவர் எம்மை வினவினார். 8 அடி நீளமும் 4 அடி அகலமும் 1 மில்லிமீட்டர் கனமும் உடைய அலுமினியத் தகடு ஏறக்குறைய 8 கிலோ நிறை உடையது. எஃகாயின் 23 கிலோ. ஆயினும் நிறை சிறு குற்றமே. பெருங்குற்றம் வேறு. வோல்ட்டா என்னும் இத்தாலிய அறிஞர் 1800-இல் வெளியிட்ட மின்கல அடுக்கை நினைவு கூர்க. இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட, இடையே உப்புக் கலந்த ஈரமும் இருப்பின், அங்கே மின்சாரம் பிறக்கும். இரண்டனுள் ஒன்று கரையும். எஃகும் அலுமினியமும் கூடுமிடத்துக் கரைவது அலுமினியம். புதுத் தகடு நிற்க, அதனைத் தாங்கும் பழைய சட்டமும் ஆணியும் அரிக்கப்படும்! தமிழ் பயிலும் எமக்கு இதனை விளக்கிய பௌதிக மாணவர்க்கு நன்றி உடையோம்.

ஒட்டுப்பலகை ஓரங்களில் நீரை உண்டு பிரியும். உளுக்காதிருக்கச் செம்புச் சேர்ந்த மருந்தூட்டிய பலகையோ, அச்செம்பு கசிந்து அலுமினியத்தைக் குழிக்கும். கனத்த பாலித்தீன் பலகை அழுகாது. ஆனால் பசை பற்றாது, வெயிலில் அலுமினியத்தினும் பன்மடங்கு நீளும். ஆணித்துளைகளை நீளவாட்டில் அகலமாக இடாவிடின் அது புடைத்துக்கொள்ளும். பெயர்ப்பலகை செய்வோர் கையாளும், இரு அலுமினிய ஏடுகட்கிடையே பாலித்தீன் வைத்த 3 மில்லிமீட்டர்ப் பலகை இவற்றினும் நன்று.

எம் கருத்தில் சிறந்தது, சரக்கு வண்டிகளின் புறச்சுவர்க்கென வண்ணம் பூசி விற்கப்பெறும் அலுமினியத் தகடே. சட்டத்தின் இனமே தகட்டின் இனமும் ஆதலின் பகை இல்லை. ஆணிகளும் அலுமினியமாகவே இருத்தல் நலம்.

பழைய தகட்டை மட்டும் முன்னரே எறிந்துவிடலாகாது. மூலைகளின் வளைவும் துளைகளின் இடமும் அதனிடத்தே உள்ளன. புதுத் தகட்டின்மேல் அதனைப் படியவைத்துக் கோடிட்டு, வெட்டிய ஓரத்தை அரத்தால் மழுக்கி, கடைசி ஆணி இறுகியபின்னரே பழையதைக் கழிக்க வேண்டும்.